மூன்றாவது சுற்றில் வாயை மூடு

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. பைன் மரங்களுக்கு நடுவே சுவரில்லாத ஒரு மரக்கூடம். கூரை உண்டு, தரை உண்டு, நான்கு பக்கமும் காடு. இரவு முழுக்கப் பெய்த மழையில் ஓரத்துப் பலகைகள் ஊறிக் கறுத்துக் கிடந்தன. எதிரே நாற்பது பேர் நிற்கிறார்கள். சின்னவளுக்கு 8 வயது, மூத்தவருக்கு 76. பாதிப் பேர் கையில் இன்னும் காப்பிக் கோப்பை இருக்கிறது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மூன்று பேர் ஒருவரையொருவர் கடந்து வளைந்து வளைந்து போகும் ஓர் அசைவை விளக்கத் தொடங்கினேன்.

"நடுவில் நிற்பவர் மேலே இருப்பவரை வலது தோள் பக்கமாகக் கடக்க வேண்டும். அதே நேரத்தில் கீழே இருப்பவர் வெளியே வளைந்து..." ஐந்தாவது வாக்கியத்தில் பின்னால் நின்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். எட்டாவது வாக்கியத்தில் ஒரு பெரியவர் ஏரியை வேடிக்கை பார்க்கத் தொடங்கினார். பத்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அம்மா இழுத்துவந்து நிறுத்தியிருக்கிறாள் என்பது முகத்தில் எழுதியிருந்தது. அவன்தான் கேட்டான்: "நீங்களே நடந்து காட்டிவிடலாமே?"

எட்டு வருஷமாக ஆடுகிறேன், நான்கு வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறேன். முதல் நாள் காலையில் அதே தப்பைச் செய்யாமல் ஒரு நடன முகாமும் தொடங்கியதில்லை.

இந்த ஆட்டத்தின் பெயர் இங்கிலீஷ் கன்ட்ரி டான்ஸ். பெயரைக் கேட்டதும் நம் ஆட்கள் வயலில் குதிக்கும் கூட்டம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். குதிப்பது குறைவு, பெரும்பாலும் நடைதான். தாளத்துக்கு நடப்பது, கைகோத்துச் சுற்றுவது, இடம் மாறுவது. முதன்முதலில் அம்மாவுக்கு ஒரு வீடியோ அனுப்பியபோது, "எல்லோரும் நடந்துகொண்டே இருக்கிறார்களே, எப்போது ஆடுவார்கள்?" என்று கேட்டாள்.

ஜோடிகள் எதிரெதிரே நின்று இரண்டு நீண்ட வரிசைகளாக அமைவார்கள். முதல் ஜோடியும் இரண்டாம் ஜோடியும் சேர்ந்து ஒரு சுற்று ஆடுவார்கள். சுற்று முடியும்போது முதல் ஜோடி ஒரு படி கீழே இறங்கியிருக்கும், இரண்டாம் ஜோடி ஒரு படி மேலே ஏறியிருக்கும். அடுத்த சுற்றுக்கு இருவருக்கும் எதிரே புது ஆட்கள். இரட்டைப் பாதையில் எதிரெதிராகப் போகும் இரண்டு ரயில்களை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையின் முனைக்கு வந்து சேர்ந்த ஜோடிக்கு மட்டும் எதிரே ஆள் இருக்காது. அவர்கள் ஒரு சுற்று சும்மா நிற்க வேண்டும். நின்றுவிட்டு, முதல் ஜோடியாக வந்தவர்கள் இரண்டாம் ஜோடியாக மாறி உள்ளே திரும்புவார்கள். ஒரு சுற்றுக்குப் பொதுவாக 32 பார் இசை, பாருக்கு இரண்டு அடியாக 64 அடிகள். நிமிடத்துக்கு 112 அடி என்ற நடையில் வாசித்தால் ஒரு சுற்று சுமார் 34 வினாடி. ஏழு சுற்று ஆடினால் நான்கு நிமிடம். இவ்வளவுதான் கணக்கு.

என் வேலைக்குக் காலர் என்று பெயர். சட்டைக் காலர் இல்லை. அடுத்து வரும் அசைவைத் தாளத்துக்குச் சற்று முன்பாகச் சொல்லிக்கொடுப்பவர். முன்பாக என்பதுதான் முக்கியம். அசைவு தொடங்கும் அடியில் சொன்னால் அது காதில் விழுந்து காலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும். முந்தைய அசைவின் கடைசி இரண்டு மூன்று அடிகளுக்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். ஆகவே 'வலது கை' என்றால் வலது கை மட்டும்தான். 'இப்போது எல்லோரும் தயவுசெய்து உங்கள் வலது கையை' என்று நீட்டினால் ஊர் போய்ச் சேராது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த பெண்மணி ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. அவர் சொன்ன விதி ஒன்றே ஒன்று: முதல் சுற்றில் எல்லாவற்றையும் சொல், இரண்டாவது சுற்றில் பாதியைச் சொல், மூன்றாவது சுற்றில் வாயை மூடு. கேட்கச் சுலபம். ஆனால் கற்றுக்கொடுக்கிறவனுக்குத் தன் குரல் மேல் ஓர் ஆசை இருக்கிறது. நாம் பேசுவதால்தான் அவர்கள் ஆடுகிறார்கள் என்று மைக் நம்மிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். வாயை மூடிய கணத்தில் எங்காவது ஒரு மூலையில் இரண்டு பேர் தடுமாறுவார்கள். உடனே மறுபடி சொல்லத் துடிக்கும். சொன்னால் அந்த இரண்டு பேரும் காப்பாற்றப்படுவார்கள், மற்ற முப்பத்தெட்டுப் பேரும் இசையைக் கேட்பதை விட்டுவிட்டு என்னைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

நான் இதற்குள் வந்தது வயலின் வழியாக. கும்பகோணத்தில் ஒரு மாமியிடம் பன்னிரண்டு வருஷம் கற்றேன். தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுருதி கூட்டி வாசித்த கை. வேலைக்காக பாஸ்டன் பக்கம் வந்த பிறகு, ஒரு தேவாலய மண்டபத்தில் புதன்கிழமை தோறும் நடக்கும் ஆட்டத்துக்குத் தோழி ஒருத்தி கூட்டிப் போனாள். அங்கே வயலின்காரர் நின்றுகொண்டு, தாடைக்கும் தோளுக்கும் நடுவில் கருவியை இடுக்கிக்கொண்டு, காலால் தரையைத் தட்டித் தட்டி வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆட்டத்தைவிட அந்தக் கால்தான் பிடித்தது. ஒரு வருஷம் ஆடினேன். பிறகு நிற்கக் கற்றேன், வேறு சுருதிக் கட்டுமானத்தைக் கற்றேன், வில்லைக் குட்டையாகப் போடக் கற்றேன். கடைசியில் வாத்தியக் குழுவில் ஓரத்து நாற்காலி கிடைத்தது.

முதல் முறை வாசித்த இரவை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அழகான மெட்டு. இரண்டு சுற்று ஒழுங்காக வாசித்தேன். மூன்றாவது சுற்றில் பழக்கதோஷம், மெட்டை மாற்றி அலங்கரித்து ஒரு சங்கதி போட்டேன். நான்காவது சுற்றில் இன்னொன்று. முதல் பாகத்தின் முடிவை இழுத்து, அடுத்த பாகத்தின் தொடக்கத்தோடு இழைத்து, நானே கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது ஒரு ஜோடி கையை நீட்டியபடி யாருக்காகவோ காத்திருந்தது. இன்னொருவர் தவறான பெண்ணைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் பியானோ வாசிக்கும் பெரியவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நீ வாசிப்பதை இங்கே யாரும் கேட்கவில்லை. உன் மேல் ஏறி நிற்கிறார்கள்."

கச்சேரிக்குப் பழகிய ஆளுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. கச்சேரியில் எதிரே உட்கார்ந்திருப்பவர் தலையை ஆட்டுவார், 'ச்சு' கொட்டுவார். நான் எங்கே போனாலும் பின்னால் வருவார். இங்கே எட்டு பார் முடியும் இடம் ஒரு படிக்கட்டின் விளிம்பு. அந்த விளிம்பை நான் அழகுக்காக மறைத்தால் கீழே இறங்குகிறவர் கால் எங்கே வைப்பார்? அலங்காரமே கூடாது என்று இல்லை. நல்ல வயலின்காரர் ஒவ்வொரு சுற்றிலும் எதையாவது மாற்றிக்கொண்டேதான் இருப்பார். ஆனால் விளிம்பைத் தொடமாட்டார். அந்த வித்தியாசம் பிடிபட எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

முகாமில் பிற்பகல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டுக் காட்டுவேன். ஷ்யாமளே மீனாக்ஷி வாசிப்பேன். "ட்விங்கிள் ட்விங்கிள்!" என்று கத்துவார்கள். இல்லை, இது மதுரை மீனாட்சி மேல் பாடிய பாட்டு என்பேன். நம்ப மாட்டார்கள். முத்துஸ்வாமி தீட்சிதர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதியவர். நோட்டுஸ்வரம் என்று நாம் சின்ன வயதில் சங்கராபரணத்தில் பாடிப் பழகுகிறோமே, அவை. 'ஸந்ததம் பாஹி மாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. 'ஜகதீச குருகுஹ' ரீல் என்ற வகை ஸ்காட்டிஷ் நடன மெட்டு, லார்ட் மெக்டொனால்டின் பெயரால் வழங்குவது. அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர். நான் கணுக்காலில் ஊன்றிக் கற்ற கருவி அந்த வழியில் வந்ததுதான். கும்பகோணத்தில் மாமி அந்த ரீலைப் பிஞ்சு விரல்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தபோது, அது ஆடுவதற்கான மெட்டு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாற்பது பேர் காலடியில் அதை முதன்முதலாக வாசித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. மாமியிடம் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் போய்விட்டார்.

அந்த வகுப்பில் காகிதம் கிடையாது. ஒரு துண்டு வாசிப்பேன், திருப்பி வாசிப்பார்கள். இன்னொரு துண்டு, அதையும் சேர்த்து வாசிப்பார்கள். நமக்கு அது பாடாந்தரம். அவர்கள் காதால் கற்பது என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். தகரக் குழல், வயலின், துருத்திபோல் இழுத்து அமுக்கி வாசிக்கும் ஒரு கான்சர்டினா, எப்போதும் சுருதி இறங்கியிருக்கும் ஒரு கிட்டார். இரவில் ஏரிக்கரையில் பாட்டு. ஒருவர் தொடங்க, அடுத்தவர் ஓர் அடி தள்ளித் தொடங்க, ஒரே பாட்டு ஒன்றன் மேல் ஒன்றாகச் சுழலும். கொசு மட்டும் இல்லையென்றால் சொர்க்கம்.

ஆட்டத்துக்கு வருகிறேன். இதன் மூலநூல் 1651இல் லண்டனில் ஜான் பிளேஃபோர்டு என்ற புத்தக வியாபாரி வெளியிட்டது, 'தி இங்கிலீஷ் டான்ஸிங் மாஸ்டர்'. மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கண்டிப்பான மதவாதிகளான பியூரிட்டன்கள் ஆண்ட காலத்தில் நடனப் புத்தகம் போட்டு விற்றிருக்கிறார் மனிதர். 105 நடனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மெட்டு, கீழே சில வரிக் குறிப்பு. ஆணுக்குப் பிறை, பெண்ணுக்கு நடுவில் புள்ளி வைத்த வட்டம். டபுள் என்றால் முன்னாலோ பின்னாலோ நான்கு அடி வைத்துக் கால் சேர்ப்பது. இதற்கெல்லாம் விளக்கம் கொடுத்தவர், பல நடனங்களில் வரும் வேறொரு அசைவுக்கு 'எல்லோரும் பக்கமாக' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். வாங்கியவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை யார் எழுதுவார்கள்? சமையல் குறிப்பில் நம் பாட்டிகள் 'பதமாக இறக்கவும்' என்று சொல்வது மாதிரி.

இருநூற்றைம்பது வருஷம் கழித்து செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பக்கமாக, அதாவது சைடிங், என்றால் என்ன என்று சொல்ல உயிரோடு யாரும் இல்லை. இருவரும் வளைந்து ஒருவர் இடத்துக்கு மற்றவர் போய், வந்த வழியே திரும்புவது என்று ஊகித்து எழுதினார். உலகம் அப்படியே ஆடியது. 1960களில் பாட் ஷா என்பவர், அப்படி இருக்காது, இருவரும் முன்னே வந்து தோளோடு தோள் நின்று பின்னே போவதுதான் என்று வாதாடினார். இப்போது முகாமில் காலர் "ஷார்ப் சைடிங்கா, ஷா சைடிங்கா?" என்று சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். நான் 'ரஃப்டி டஃப்டி' கற்றுக்கொடுக்கும்போது ஷார்ப்புடையதைத்தான் எடுப்பேன். 1651லும் இருக்கிற நடனம் அது, ஆகவே ஷா சொல்வதே அதிகம் பொருந்தும் என்று புத்தகப்புழுக்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ஊகம்தான், ஆனாலும் அந்த வளைவில் போகும்போது எதிரே இருப்பவர் முகம் ஒரு கணமும் கண்ணைவிட்டு மறைவதில்லை. நூறு வருஷமாக மனிதர்கள் மகிழ்ச்சியோடு செய்த தப்புக்கும் ஒரு மரியாதை உண்டு.

ஷார்ப்பைப் பற்றி எனக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. எதிர்த்தரப்பில் மேரி நீல். 1895இல் லண்டனில் தையல் வேலை செய்யும் ஏழைப் பெண்களுக்காக எஸ்பெரான்ஸ் என்ற மன்றத்தைத் தொடங்கியவர். 1905இல் அந்தப் பெண்களுக்குப் பாட்டுத் தேடி ஷார்ப்பிடம்தான் போனார். பாட்டு நன்றாகப் பற்றிக்கொண்டதும், ஆட்டம் ஏதாவது உண்டா என்று கேட்டார். ஷார்ப், ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து ஹெடிங்டனில் தான் சந்தித்த வில்லியம் கிம்பர் என்ற கொத்தனாரைப் பற்றிச் சொன்னார். 1899 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பனியில் வேலை இல்லாமல் மோரிஸ் என்ற நாட்டார் ஆட்டம் ஆடி நாலு காசு பார்க்கத் தெருவுக்கு வந்த குழுவுக்குக் கான்சர்டினா வாசித்தவர் கிம்பர். நீல் நேரே போய் அவரையே லண்டனுக்கு வரவழைத்துவிட்டார். கொத்தனார் தையல் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பெண்கள் நாட்டின் பல ஊர்களுக்குப் போய்ப் பிறருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பகலெல்லாம் ஊசியில் குனிந்திருந்த பெண் ஓர் ஊருக்கு ஆசிரியையாகப் போய் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

பிறகு சண்டை வந்தது. அடிவைப்பு துல்லியமாக இருக்க வேண்டும், பயிற்சி பெற்றுத் தேறியவர்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார் ஷார்ப். ஆடுகிறவரிடம் நேரே கற்றுக்கொள், உற்சாகம் போய்விட்டால் துல்லியத்தை வைத்து என்ன செய்ய என்றார் நீல். 1911இல் ஷார்ப் இங்கிலீஷ் ஃபோக் டான்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். முதல் உலகப் போர் வந்தது. நீலின் மன்றம் கலைந்தது. ஷார்ப்பின் அமைப்பு நின்றது. 1914 கடைசியில் நியூயார்க்குக்கு ஒரு ஷேக்ஸ்பியர் நாடகத்தின் நடனங்களை அமைக்க வந்தவர், 1915இல் இங்கேயும் ஒரு கிளையைத் தொடங்கிவைத்து, அந்தக் கோடையில் மெய்ன் மாநிலத்தில் எலியட் என்ற ஊரில் கோடைப் பள்ளியும் நடத்தினார். நான் இப்படி ஏரிக்கரையில் நின்று கத்திக்கொண்டிருப்பதன் தொடக்கம் அங்கேதான். பிளிமத் பக்கத்தில் பைன்வுட்ஸ் என்ற பழைய நடன முகாமில் பெரிய கூடத்துக்கு 'சி ஷார்ப்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் பெயரும் ஆயிற்று, சுருதியும் ஆயிற்று. முதல் தடவை அங்கே போனபோது, "ஓ, நம் சுருதிக் கணக்கில் ஒன்றரைக் கட்டை" என்று நானே சொல்லி நானே சிரித்துக்கொண்டேன். பக்கத்தில் யாருக்கும் புரியவில்லை.

மனம் நீல் பக்கம். கை ஷார்ப் பக்கம். காரணம், அந்த மனிதர் உட்கார்ந்து எழுதிவைத்தார். அவர் புத்தகங்கள் இல்லையென்றால் திங்கட்கிழமை காலையில் எனக்குப் பாடமே இல்லை. ஆனால் அவரை மாலைபோட்டுக் கும்பிட என்னால் முடியாது. 1916 முதல் 1918 வரை உதவியாளர் மாட் கார்ப்பெல்ஸோடு அப்பலாச்சிய மலையூர்களில் அலைந்து பாட்டுச் சேகரித்தவர், ஆங்கிலேய வம்சாவளி வெள்ளையர்களைத் தேடித்தான் அலைந்தார். கறுப்பின மக்களைப் பற்றி அவர் நாட்குறிப்பில் எழுதியவை படிக்கக் கூசும். வேடிக்கை என்னவென்றால், ஆட்டம் நடக்கும்போதே அசைவுகளைக் கூவிச் சொல்லும் வழக்கம் அமெரிக்காவில் கறுப்பின வயலின்காரர்களிடமிருந்து வந்தது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அடிமைகளாக இருந்தவர்கள், முதலாளிமாரின் விருந்துகளில் வாசித்துக்கொண்டே கூவியவர்கள். இன்றைக்கும் முகாமில் நாற்பது பேரில் வெள்ளையல்லாத முகம் என்னுடையதைச் சேர்த்து மூன்றோ நான்கோ. வயலினும் மைக்கும் கையில் இருக்கும்போது அவர்களை நினைத்துக்கொள்வேன்.

சொற்களைப் பற்றியும் ஓயாத விவாதம். ஆண்கள், பெண்கள் என்று கூப்பிடுவதைப் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமும் ஆடலாம். சிலர் இடப்பக்கத்தவரை லார்க் (வானம்பாடி), வலப்பக்கத்தவரை ராபின் என்கிறார்கள். ஆங்கிலத்தில் இடது, வலது ஆகியவற்றின் முதலெழுத்தும் அந்தப் பறவைகளின் முதலெழுத்தும் ஒன்று. கையைத் தொடாமல் கண்ணைப் பார்த்தபடி ஒருவரையொருவர் சுற்றிவருவதற்கு இருந்த ஜிப்ஸி என்ற பெயரையும் பலர் கைவிட்டு, 'வலது தோள் சுற்று' என்கிறார்கள். எனக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. எந்தப் பெயரானாலும் எனக்கு அது இரண்டாம் மொழி.

அந்த அசைவில் எனக்கு இருந்த கஷ்டம் வேறு. கண்ணைப் பார்க்க வேண்டும். எட்டு அடிகள் முழுக்க, முன்பின் தெரியாத ஓர் ஆளின் கண்ணை நேராக. குனிந்த தலை நிமிராமல் நட என்று வளர்த்த ஊரிலிருந்து வந்தவள் நான். முதல் ஆறு மாதம் எல்லோருடைய சட்டைப் பொத்தானையும் பார்த்துக்கொண்டு ஆடினேன். விளைவு, தலைசுற்றல். சுற்றும்போது உலகமே ஓடும், ஓடாமல் நிற்பது உன்னோடு சேர்ந்து சுற்றுகிறவரின் முகம் ஒன்றுதான், அதைப் பிடித்துக்கொள் என்று ஒரு பாட்டி சொன்ன பிறகுதான் நிமிர்ந்தேன். இப்போது பதின்வயதுப் பிள்ளைகள் வெட்கத்தில் நெளியும்போது கண்ணைப் பார் என்று சொல்வதில்லை. "புருவத்தைப் பாருங்கள், யாருக்கும் தெரியாது" என்பேன். புதன்கிழமைக்குள் புருவம் கண்ணாகிவிடும்.

திங்கட்கிழமை நான் சொதப்பிய அந்த அசைவுக்கு ஹே என்று பெயர். மதியம் சாப்பாட்டுக் கூடத்தின் படியில் அந்த எட்டு வயதுக்காரி உட்கார்ந்திருந்தாள். ஏரியில் குளித்துவிட்டு வந்த ஈரத் தலை. பின்னால் ஒரு படி மேலே அவள் பாட்டி, அந்த 76 வயதுக்காரர்தான், அவள் மயிரை மூன்று காலாகப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தார். வலப்பக்கத்துக் கால் நடுவுக்கு வந்தது, நடுவில் இருந்தது வலப்பக்கம் ஒதுங்கியது. இடப்பக்கத்துக் கால் நடுவுக்கு வந்தது, நடுவில் இருந்தது இடப்பக்கம் ஒதுங்கியது. ஈர மயிரிலிருந்து ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு சொட்டு நீர் கீழ்ப்படியில் விழுந்தது. கையில் தட்டோடு நான் நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பின்னல் கோலாட்டம் ஆடியிருக்கிறேன். மேலேயிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி என்று புகுந்து புகுந்து ஓடி, அண்ணாந்து பார்த்தால் கயிறு சடையாகியிருக்கும். என் காலுக்குத் தெரிந்த விஷயத்தை அன்று காலை பதினொரு வாக்கியத்தில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அந்தப் பாட்டியையும் பேத்தியையும் கூடத்தின் நடுவில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தேன். அவிழ்த்து, மெதுவாக மறுபடி பின்னச் சொன்னேன். நாற்பது பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பிறகு மூன்று மூன்று பேராக நிற்கவைத்து, "நீங்கள்தான் மயிர், பின்னுங்கள்" என்றேன். வயலினை எடுத்துக்கொண்டேன். இரண்டு தடவை முட்டிக்கொண்டார்கள், மூன்றாம் தடவை பின்னல் விழுந்தது. அந்தப் பத்து வயதுப் பையன் மட்டும் தன் பாதையைத் தரையில் பார்த்துவிட்டு, "இது எட்டு" என்றான். சரிதான், ஒவ்வொருவரும் தனியே நடக்கும் வழி எட்டுதான். நம்மூரில் ஓட்டுநர் உரிமத்துக்கு அதைத்தான் போட்டுக் காட்டச் சொல்வார்கள் என்று சொன்னேன். அதற்கப்புறம் அவன் ஹே வரும்போதெல்லாம் கைப்பிடியை முறுக்குவது போல் வண்டிச் சத்தம் எழுப்பிக்கொண்டு ஆடினான். ஷார்ப் பார்த்திருந்தால் சான்றிதழைப் பிடுங்கியிருப்பார்.

வியாழக்கிழமை 'மிஸ்டர் பெவரிட்ஜஸ் மாகட்' கற்றுக்கொடுத்தாக வேண்டும். 1995இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகனும் கதாநாயகியும் முறைத்துக்கொண்டு ஆடியதால் அதற்காகவே சிலர் முகாமுக்கு வருகிறார்கள். 1695இல் அச்சான நடனம். அந்தக் கதை நடக்கும் காலத்தில் அது நூறு வருஷப் பழசு, யாரும் ஆடியிருக்க மாட்டார்கள். இதைச் சொன்னால் முகம் வாடிவிடும் என்பதால் நடனம் முடிந்த பிறகுதான் சொல்வேன். மாகட் என்றால் அந்நாளில் மனதில் திடீரென்று தோன்றும் விருப்பம். அதை முதலிலேயே சொல்லிவிடுவேன், இல்லையென்றால் எல்லோரும் புழுவை நினைத்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை இரவு. மறுபடி மழை. கூரையில் விழும் சத்தத்தில் மைக் போதவில்லை. கடைசிக்கு முந்தைய நடனத்தில் முதல் சுற்றை முழுக்கச் சொன்னேன், இரண்டாவதில் பாதி. மூன்றாவதில் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, வாத்தியக் குழுவுக்கு இன்னும் நிறையச் சுற்று வாசியுங்கள் என்று கை காட்டிவிட்டு, நானே வரிசையின் கீழ்முனைக்குப் போனேன். அந்தப் பையன் தனியாக நின்றுகொண்டிருந்தான். அவன் ஜோடிக்கு ஷூ நாடா அறுந்துவிட்டது, பெஞ்சில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன்.

"இப்போதா?" என்றான்.

"இல்லை. ஒரு சுற்று நிற்க வேண்டும்."

எங்களுக்கு மேலே இரண்டு வரிசைகளும் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பாட்டி வலது கையை நீட்டுவதும் அங்கே ஒரு கை ஏற்கெனவே வந்திருப்பதும் தெரிந்தது. பையன் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தான். முதல் பாகத்தின் முடிவில் பியானோக்காரர் ஒரு ஸ்வரத்தை மாற்றிப் போட்டார், வயலின் அதைப் பிடித்துக்கொண்டது, விளிம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. மழைச்சாரல் முதுகில் அடித்தது.

"இப்போது?"

நான் பதில் சொல்வதற்குள் அவன் கையை நீட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நான்கு அடி சீக்கிரம். மேலேயிருந்து இறங்கி வந்த ஜோடி சிரித்துக்கொண்டே இடம் கொடுத்தது.